வைகை அணை நீர்மின் நிலையம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தேனி மாவட்டம் ஆண்டிபட்டிக்கு அருகே 1959-ல் திறக்கப்பட்டது வைகை அணை. அதன் அடிவாரத்தில் தலா 3 மெகாவாட் திறனுள்ள இரண்டு அலகுகளுடன் (சுழலியும் ஜெனரேட்டரும் சேர்ந்த இயந்திரங்களுடன்) மின்வாரியத்தின் சிறு நீர்மின் நிலையம் இருக்கிறது. விவசாயிகள், பொறியியல் மாணவர்கள், அணையைச் சுற்றிப் பார்க்க வருபவர்கள் எனப் பலரும் அதைப் பற்றிக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறோம். கணக்குகளில் நிகர நீர் உயரம் (சுழலிக்குக் கிடைக்கும், நீர் விழும் உயரம்) 16 மீட்டர், சுழலியும் (டர்பைன்) ஜெனரேட்டரும் சேர்ந்த திறன் 85 சதவீதம் என்று வைத்துக்கொண்டிருக்கிறோம். அணை மட்டம் மாறினால் விடையும் மாறும்.

6 மெகாவாட் என்பது பெரிய அளவா?

தமிழகத்தின் மின்தேவை 2024 மே 2-ல் 20,830 மெகாவாட்டைத் தொட்டது. அதற்கு முன்னால் 6 மெகாவாட் சுமார் 0.03 சதவீதம்தான். இந்த நிலையம் நின்றுபோனால் சென்னையில் யாருக்கும் தெரியாது. ஆனால் ஆண்டிபட்டி, தேனிப் பக்கத்து லைன்களில் அதன் பாதிப்பு தெரியும். இந்த நிலையத்தின் மதிப்பை அங்கேதான் பார்க்க வேண்டும்.

இதற்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது?

வைகைக்குச் சொந்தமான நீர் கொஞ்சம், முல்லைப் பெரியாற்றிலிருந்து வருவது மிகுதி. 1895-ல் கட்டி முடிக்கப்பட்ட முல்லைப் பெரியாறு அணையின் நீர், மலையைக் குடைந்த சுரங்கம் வழியாகத் தமிழகப் பக்கம் வருகிறது. லோயர்கேம்ப் மின் நிலையத்தில் ஆயிரம் அடிக்கும் மேலான உயரத்திலிருந்து இறங்கி முதல் மின்சாரத்தைக் கொடுக்கிறது. பிறகு கம்பம் பள்ளத்தாக்கில் ஆறாக ஓடும்போது வழியிலுள்ள சின்னச் சின்ன மின் நிலையங்களையும் சுழற்றிவிட்டு வைகை அணைக்கு வந்து சேர்கிறது. அங்கே மறுபடி ஒரு முறை மின்சாரம் தந்த பிறகுதான் ஆற்றின் கீழ்ப்பகுதியிலுள்ள பேரணை வழியாகக் கால்வாய்களுக்குப் போகிறது.

உயரம் எவ்வளவு முக்கியம் என்பதை இந்த வழியிலேயே பார்க்கலாம். லோயர்கேம்பில் விநாடிக்கு 400 கன அடி வந்தால் ஏறத்தாழ 36 மெகாவாட் கிடைக்கும். அதே 400 கன அடி வைகை அணையில் 1.5 மெகாவாட்தான் தரும். தண்ணீரும் ஒன்றுதான், அளவும் ஒன்றுதான். விழும் உயரம் மட்டுமே வேறு.

மின்சாரம் எடுப்பதற்காகத் தண்ணீர் திறப்பார்களா?

மாட்டார்கள். எவ்வளவு நீர், எந்தத் தேதியில், எத்தனை நாளுக்கு என்பதைப் பாசனத்துக்கும் குடிநீருக்குமான அரசாணைதான் முடிவு செய்கிறது. திறப்பதும் அளப்பதும் நீர்வளத்துறையின் வேலை. எப்படியும் ஆற்றுக்குப் போகவேண்டிய அந்த நீரை மதகு வழியாக விடாமல் சுழலி வழியாக விடுவதுதான் மின் நிலையத்தின் வேலை. நீர் திறப்பு ஆணை இல்லாத நாளில் மின்வாரியம் தானாக ஒரு கன அடிகூட எடுக்க முடியாது.

எத்தனை கன அடிக்கு எத்தனை கிலோவாட்? எளிய கணக்கு இருக்கிறதா?

இருக்கிறது. விநாடிக்கு எத்தனை கன அடி என்பதை நீர் உயரத்தின் மீட்டரால் பெருக்கி, அதை 0.236-ஆல் பெருக்குங்கள். விடை கிலோவாட்டில் வரும். உயரத்தை அடியில் எடுத்தால் 0.072-ஆல் பெருக்க வேண்டும்.

900 கன அடி, 16 மீட்டர் என்றால் சுமார் 3,400 கிலோவாட். ஓர் அலகை முழுச் சுமையில், அதாவது 3,000 கிலோவாட்டில் ஓட்ட ஏறக்குறைய 795 கன அடி வேண்டும். தண்ணீரின் மொத்த அளவிலிருந்து யூனிட் கணக்குப் போட வேண்டுமானால், இந்த உயரத்தில் 10 லட்சம் கன அடிக்குச் சுமார் 1,050 யூனிட் கிடைக்கும். லோயர்கேம்பில் அதே 10 லட்சம் கன அடிக்குச் சுமார் 25,000 யூனிட்.

அணை மட்டம் ஓரடி இறங்கினால், அதே நீருக்கு மின்சாரம் சுமார் 2 சதவீதம் குறையும். ஆகவே ‘எவ்வளவு தண்ணீர் திறந்திருக்கிறார்கள்’ என்று கேட்பவர், ‘மட்டம் எத்தனை அடி’ என்றும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

900 கன அடி வரும்போது ஓர் அலகை ஓட்டுவதா, இரண்டையுமா?

இருபோகப் பாசனத்துக்கான 45,041 ஏக்கருக்குப் பல ஆண்டுகளில் ஜூன் மாதம் திறக்கும் அளவு இதுதான். அதனால் இந்தக் கேள்வி ஆண்டுதோறும் வரும். மேலே போட்ட கணக்குப்படி ஓர் அலகு முழுச் சுமையில் 795 கன அடி எடுத்துக்கொண்டால் மிச்சம் 105 கன அடி. இரண்டாவது அலகு அதை வைத்து ஓடாது. அந்த நீரை மதகு வழியாக விட வேண்டும், 400 கிலோவாட் இழப்பு. இரண்டு அலகுகளையும் தலா 450 கன அடியில் ஓட்டினால் எல்லா நீரும் சுழலி வழியாகப் போகும். ஆனால் ஒவ்வொன்றும் 57 சதவீதச் சுமையில்தான் ஓடும்.

எது நல்லது என்பது சுழலியின் வகையைப் பொறுத்தது. காப்ளான் வகையில் இறக்கைகளின் சாய்வையும் மாற்றலாம் என்பதால் பாதிச் சுமையிலும் திறன் அதிகம் குறையாது. அங்கே இரண்டையும் ஓட்டுவது லாபம். பிரான்சிஸ் வகையிலும், இறக்கை அசையாத புரொப்பல்லர் வகையிலும் 40 முதல் 60 சதவீதச் சுமை மோசமான பகுதி. டிராஃப்ட் டியூபில் (சுழலியிலிருந்து நீர் வெளியேறும் குழாயில்) நீர் கயிறுபோல முறுக்கிக்கொண்டு சுழலும், கூடமே அதிரும். அப்படிப்பட்ட இயந்திரத்தில் 400 கிலோவாட்டை விட்டுக்கொடுத்து ஓர் அலகை நிம்மதியாக ஓட்டுவதே மேல். கிலோவாட்டை மட்டும் பார்த்து அதிரும் இயந்திரத்தை மாதக்கணக்கில் ஓட்டினால், மிச்சப்படுத்தியதை பேரிங் மாற்றும் செலவில் இழப்போம்.

அணையில் தண்ணீர் இருக்கிறது, மதகிலும் நீர் போகிறது. ஆனால் நிலையம் ஓடவில்லையே?

பெரும்பாலும் அப்போது போவது குடிநீருக்கான 60, 70 கன அடியாக இருக்கும். ஒரு சுழலி பாதுகாப்பாக ஓடுவதற்கு முழு அளவில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காவது வேண்டும். 3 மெகாவாட் அலகுக்கு அது 200 கன அடிக்கு மேல். அதற்குக் குறைந்தால் சுழலி சுற்றும், ஆனால் திறன் வீணாகும், இறக்கையில் அரிப்பு தொடங்கும்.

இன்னொரு காரணம் மட்டம். 71 அடிக்கு நிறையும் அணை 30 அடிக்கு இறங்கிவிட்டால், வேண்டிய நீர் இருந்தாலும் உயரம் போதாது.

ஓர் அலகைத் தொடங்க என்னென்ன செய்ய வேண்டும்?

எல்லாம் தயாராக இருந்தால் 15 முதல் 20 நிமிடம் ஆகும். நிலையத்துக்கு நிலையம் சிறு மாற்றம் உண்டு. பொதுவான வரிசை இது:

1. நீர் திறப்பு அளவை நீர்வளத்துறையிடமும், சுமை ஏற்ற அனுமதியைச் சென்னையிலுள்ள மாநில மின்சுமை பகிர்வு மையத்தின் வழியிலும் உறுதிசெய்ய வேண்டும்.
2. 110 வோல்ட் டிசி பேட்டரியின் வோல்டேஜைப் பார்க்க வேண்டும். ரிலேக்களும் (பழுதை உணர்ந்து செயல்படும் கருவிகள்), பிரேக்கரை (கிரிட்டுடன் இணைக்கும் பெரிய சுவிட்சை) திறக்கும் டிரிப் காயிலும் இதில்தான் இயங்குகின்றன. இது சரியில்லாமல் வேறு எதையும் தொடக்கூடாது.
3. பைபாஸ் வால்வைத் திறந்து நீர்க்குழாயை நிரப்பி, பிரதான வால்வின் இருபுறமும் அழுத்தம் சமமான பிறகே அந்த வால்வைத் திறக்க வேண்டும். அவசரப்பட்டுத் திறந்தால் சீல் கிழியும்.
4. கவர்னர் (சுழலியின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கருவி) எண்ணெய் அழுத்தம், பேரிங் எண்ணெய் மட்டம், குளிர்நீர் ஓட்டம் ஆகியவற்றைப் பார்த்து, பிரேக்கை விடுவிக்க வேண்டும்.
5. கைடு வேனை (சுழலிக்குள் நீரை விடும் மடல்களை) சிறிது திறந்து, சுமையில்லாத வேகத்துக்குக் கொண்டுவர வேண்டும். எல்லா பேரிங்கிலும் சத்தத்தையும் சூட்டையும் கவனிப்பது இந்தக் கட்டத்தில்தான்.
6. வேகம் 95 சதவீதத்தைத் தாண்டியதும் எக்சைட்டேஷன் (ஜெனரேட்டரின் காந்தப்புலத்துக்கான மின்சாரம்) கொடுத்து வோல்டேஜை ஏற்ற வேண்டும்.
7. கிரிட்டுடன் (மின்தொகுப்புடன்) இணைத்து, உடனே சிறிதளவு சுமை ஏற்ற வேண்டும். சுமையே இல்லாமல் விட்டால் ஜெனரேட்டர் மோட்டாராக மாறி ரிவர்ஸ் பவர் ரிலே டிரிப் செய்துவிடும்.

கிரிட்டுடன் இணைக்கும்போது எதைப் பார்க்கிறார்கள்?

நான்கு விஷயங்கள். ஃபேஸ் வரிசை, வோல்டேஜ், அதிர்வெண், கோணம் (இரு பக்க மின்அலைகளும் ஒன்றுக்கொன்று எவ்வளவு விலகியிருக்கின்றன என்பது). ஃபேஸ் வரிசை முதல் முறை நிறுவும்போதும், கேபிள் கழற்றி மாட்டிய பழுதுபார்ப்புக்குப் பிறகும் சோதிக்க வேண்டியது. மற்ற மூன்றும் ஒவ்வொரு முறையும். சிங்க்ரோஸ்கோப் (இரு பக்கத்தின் வேறுபாட்டைக் காட்டும் கருவி) முள் கடிகாரத் திசையில் மெதுவாகச் சுற்ற வேண்டும், அதாவது நம் இயந்திரம் கிரிட்டைவிட ஒரு துளி வேகமாக ஓட வேண்டும். முள் 12 மணி நிலையைத் தொடுவதற்குச் சற்று முன்பே சுவிட்சைத் திருப்ப வேண்டும். பிரேக்கர் மூடுவதற்குச் சில பத்து மில்லிவிநாடிகள் பிடிக்கும் என்பதே காரணம்.

கோணம் பெரிதாக விலகியிருக்கும்போது மூடினால் கிரிட்டுக்கு ஒன்றும் ஆகாது. நம் ஷாஃப்ட்தான் ஒரே நொடியில் முறுக்கப்படும். கப்ளிங் போல்ட் நசுங்குவது, சுருள்களின் முனைக் கட்டு தளர்வது, இரண்டும் நடக்கும். அன்று தெரியாமல் சில மாதம் கழித்துப் பழுதாக வெளிவரும் என்பதால் இது கொடிய பிழை. சிங்க்ரோ செக் ரிலேயை (இவை பொருந்தாவிட்டால் இணைப்பைத் தடுப்பது) பைபாஸ் செய்து இணைப்பதை எந்த அவசரத்திலும் அனுமதிக்கக்கூடாது.

ஓடிக்கொண்டிருக்கும்போது லைன் டிரிப் ஆனால்?

சுமை போய்விடும், தண்ணீர் தள்ளிக்கொண்டே இருக்கும். சுழலியின் வேகம் சில விநாடிகளில் 40, 50 சதவீதம்வரை ஏறலாம். கவர்னர் கைடு வேனை மூட வேண்டும். மெதுவாக மூடினால் வேகம் எல்லை மீறும். வேகமாக மூடினால் குழாயில் நீர் அறைந்து அழுத்தம் ஏறும். இரண்டுக்கும் நடுவே ஒரு மூடும் நேரத்தை நிறுவும்போதே சோதித்து வைத்திருப்பார்கள். பழுதுபார்ப்பின்போது யாராவது அந்தத் திருகைத் தெரியாமல் திருப்பிவிட்டால், அடுத்த டிரிப் வரும்வரை அது வெளியே தெரியாது. அதனால் ஒவ்வொரு பெரிய பராமரிப்புக்குப் பிறகும் 25, 50, 75, 100 சதவீதச் சுமையில் பிரேக்கரைத் திறந்து பார்ப்பது நல்லது.

இயந்திரம் நின்றதும் ஆற்றுக்குப் போகும் நீரும் நின்றுவிடும் என்பது அதைவிட முக்கியம். பாசனத்துக்குத் தரவேண்டிய 900 கன அடியை அப்படியே நிறுத்திவைக்க முடியாது. ஷிஃப்டில் இருப்பவர் உடனே நீர்வளத்துறைப் பணியாளருக்குத் தகவல் தர வேண்டும், அதே அளவுக்கு ஆற்று மதகைத் திறக்க வேண்டும். அரை மணி நேரத் தடை பேரணை போவதற்குள் பெரும்பாலும் சமனாகிவிடும். பல மணி நேரம் தாமதித்தால் கடைமடையில் முறைத் தண்ணீர் தவறும். மறுபடி அலகு ஓடத் தொடங்கும்போது மதகைக் குறைப்பதையும் சேர்த்தே செய்ய வேண்டும். இல்லையென்றால் இரட்டை நீர் இறங்கும்.

ஊரில் கரண்ட் போனபோது இந்த நிலையம் பக்கத்து ஊர்களுக்காவது தரலாமே?

நியாயமான ஆதங்கம்தான். ஆனால் லைனில் ஆள் ஏறி வேலை செய்துகொண்டிருக்கலாம். செத்த லைன் என்று நம்பித் தொடுபவரின் உயிர் இதில் இருக்கிறது. ஆகவே கிரிட் போனால் நிலையமும் விலகிவிடும்படியே ரிலேக்கள் அமைக்கப்படுகின்றன. தவிரவும், தனியாக விடப்பட்ட 3 மெகாவாட் அலகின் மேல் பல ஊர்ப் பம்புகள் ஒரே நேரத்தில் ஓடத் தொடங்கினால் அதிர்வெண் சரிந்து மறுபடியும் டிரிப்தான் ஆகும். அதைத் தாங்க வேறு வகைக் கவர்னர், தனித்தனியாகப் பிரித்து இணைக்கும் ஃபீடர் (மின்வழித்தடம்) ஏற்பாடு, முன்கூட்டியே எழுதிய நடைமுறை எல்லாம் வேண்டும்.

அப்படியானால் கிரிட்டுக்கு இதனால் என்ன பயன்?

அதிர்வெண்ணைப் பிடித்து நிறுத்துவதில் இதன் பங்கு அநேகமாக இல்லை. 2013 டிசம்பர் 31 முதல் தெற்குக் கிரிட்டும் நாட்டின் மற்ற கிரிட்டுகளோடு சேர்ந்து ஒன்றாகிவிட்டது. அத்தனை பெரிய அமைப்பை 6 மெகாவாட் அசைக்காது.

வோல்டேஜ் விஷயம் வேறு. கிராமத்து லைனின் கடைசியில் பம்பு மோட்டார்கள் ஓடும்போது ரியாக்டிவ் பவர் (மோட்டாரின் காந்தப்புலத்துக்குத் தேவைப்படும் மின்திறன்) தேவை ஏறி வோல்டேஜ் இறங்கும். அந்த ரியாக்டிவ் பவரைத் தொலைவிலிருந்து கொண்டுவருவது வீண், வழியிலேயே இழப்பு. பவர் ஃபேக்டர் (மொத்த மின்திறனில் உண்மையில் வேலை செய்யும் பங்கு) 0.9-ல் வடிவமைத்த 3 மெகாவாட் ஜெனரேட்டர், முழுச் சுமையில் ஓடும்போதே 1.45 மெகாவார் (ரியாக்டிவ் பவரின் அளவை) வரை அருகிலேயே தரும். இரண்டு அலகுக்கு 2.9. வேளாண் ஃபீடர்கள் ஓடும் நேரத்தில் மோட்டார் சுருள் எரியாமல் காப்பதில் இதற்குப் பங்குண்டு. ஆனால் அதற்கு எக்சைட்டேஷனைச் சரியான முறையில் வைத்திருக்க வேண்டும். ‘பவர் ஃபேக்டர் 1’ என்று பூட்டிவைத்துவிட்டால் யூனிட் வரும், இந்த உதவி வராது. நம் கருத்தில், பல சிறு நிலையங்களில் வீணாகும் பெரிய வாய்ப்பு இதுதான்.

மின்சாரம் பக்கத்திலேயே செலவாவதால் லைன் இழப்பு குறைவது இன்னொரு பயன்.

மாலை 6 முதல் 10 வரை மட்டும் முழுமையாக ஓட்டினால் லாபம்தானே?

பணக் கணக்கில் ஆம். தமிழகத்தில் ஜூன் முதல் செப்டம்பர் வரை காற்றாலை மின்சாரம் பெருகும், பகலில் சூரிய மின்சாரமும் உண்டு. பாசன நீரும் அதே மாதங்களில்தான் தொடங்குகிறது. ஆக, மின்சாரத்துக்கு அவ்வளவாகத் தட்டுப்பாடு இல்லாத நேரத்திலும் இந்த நிலையம் ஓடுகிறது. ஆனால் கால்வாய்க்கு நிதானமான நீர் வேண்டும். நான்கு மணி நேரம் 1,600 கன அடி, பிறகு ஒன்றுமில்லை என்று விட்டால் கரை சரியும், மடைகளில் அளவு குழம்பும். அணைக்குக் கீழே அந்த ஏற்ற இறக்கத்தைத் தாங்கும் சமன்நீர்த்தேக்கம் இருந்தால்தான் இந்த யோசனை நடக்கும். உச்ச நேரச் சுமையைத் தாங்க 400 மெகாவாட் காடம்பாறை போன்ற, நீரை மேலேற்றி வைக்கும் நிலையங்கள்தான் சரியான கருவி.

எந்தப் பழுதுகள் அடிக்கடி வரும்?

முதலிடம் குப்பைக்கு. நீர் நுழையும் வாயிலிலுள்ள கம்பித் தடுப்பில் ஆகாயத்தாமரையும் நெகிழிப் பைகளும் மரக்கிளைகளும் அடைகின்றன. தடுப்பின் முன்னும் பின்னும் நீர்மட்ட வேறுபாட்டைப் பார்த்தால் தெரிந்துவிடும். அரை மீட்டர் வேறுபாடு என்றாலே 16 மீட்டரில் 3 சதவீத மின்சாரம் போயிற்று. அதையும் தாண்டிவிட்டால் தடுப்புக் கம்பிகளே வளையும். கைடு வேன் அதே திறப்பில் இருக்க, கிலோவாட் மட்டும் மெல்லக் குறைந்துகொண்டே போனால் முதலில் தடுப்பைப் பாருங்கள், கவர்னரை அல்ல.

தடுப்பைத் தாண்டி வந்த கட்டை இரண்டு கைடு வேன்களுக்கு நடுவே சிக்கினால் ஷியர் பின் உடையும். அது உடையவே வைத்திருக்கும் பின். உடைந்தால் ஒரு வேன் மட்டும் மூடாமல் நிற்கும், மற்றவை தப்பும். கைக்குக் கிடைத்த வலுவான போல்ட்டை அந்த இடத்தில் போடுவது பெரும் தவறு. அடுத்த முறை வேனின் தண்டே உடையும்.

குளிர்நீர் வடிகட்டியில் வண்டல் அடைந்தால் பேரிங் சூடேறும். வெள்ள நீர் வரும் நாள்களில் இரண்டு வடிகட்டிகளையும் ஷிஃப்டுக்கு ஒரு முறையாவது மாற்றி மாற்றிக் கழுவ வேண்டும். பேரிங் சூடு ஒரே அளவில் இருந்தால் கவலை இல்லை, ஒரு மணி நேரத்தில் 3, 4 டிகிரி ஏறினால் அலாரம் அடிக்கும்வரை காத்திருக்காமல் சுமையைக் குறைக்க வேண்டும். ஷாஃப்ட் சீலையும் அதே வண்டல்தான் தேய்க்கிறது. சம்ப் பம்பு (கசிவு நீரை வெளியேற்றும் பம்பு) வழக்கத்தைவிட அடிக்கடி ஓடினால் சீல் தேய்ந்துவிட்டது என்று பொருள்.

இறக்கையில் குழிக்குழியாக அரிப்பு விழுவது பகுதிச் சுமையில் நெடுநேரம் ஓட்டியதன் விளைவு. ஆண்டுக்கொரு முறை டிராஃப்ட் டியூபை வடித்து உள்ளே இறங்கிப் பார்த்து, ஆழம் சில மில்லிமீட்டரைத் தாண்டும் முன்பே துருப்பிடிக்காத எஃகால் வெல்டிங் வைத்துத் தேய்க்க வேண்டும்.

மின்பக்கத்தில் பேட்டரிதான் பலவீனம். அதற்கடுத்தது ஈரம். பல மாதம் ஓடாமல் கிடக்கும் நிலையத்தில் ஜெனரேட்டர் சுருள் ஈரம் பிடிக்கும். ஹீட்டர் எப்போதும் ஓட வேண்டும். தொடங்கும் முன் இன்சுலேஷன் அளந்து, குறைவாக இருந்தால் உலர்த்திய பிறகே வோல்டேஜ் ஏற்ற வேண்டும்.

பெருவெள்ளத்தில் மின்சாரம் கூடுமா?

எதிர்பார்ப்பது போலக் கூடாது. அணை மட்டம் 66, 68.5, 69 அடியைத் தொடும்போது கரையோர மக்களுக்கு மூன்று கட்ட எச்சரிக்கை தரப்படுகிறது. அதன் பிறகு உபரி நீர் மதகுகளில் போகும்போது அணைக்குக் கீழே ஆற்றுமட்டமும் ஏறும். மேல்மட்டத்துக்கும் கீழ்மட்டத்துக்கும் உள்ள வேறுபாடுதான் நீர் உயரம் என்பதால், கீழே ஒரு மீட்டர் ஏறினால் மின்சாரம் சுமார் 6 சதவீதம் குறையும். குப்பையும் அன்றுதான் அதிகம். வடிகுழியிலிருந்து நீர் கூடத்துக்குள் ஏறும் அபாயமும் உண்டு.

ஆண்டுக்கு எத்தனை யூனிட் எதிர்பார்க்கலாம்?

இருபோகப் பாசனத்துக்கான 120 நாள் திறப்பு மொத்தம் 6,739 மில்லியன் கன அடி. முதல் 45 நாள் தொடர்ச்சியாகவும், மீதி 75 நாள் முறைவைத்தும் விடப்படுகிறது. எல்லா நீரும் 16 மீட்டரில் சுழலி வழியாகப் போனால் சுமார் 70 லட்சம் யூனிட். மாதம் 200 யூனிட் செலவழிக்கும் ஏறத்தாழ 2,900 வீடுகளின் ஓராண்டுத் தேவை அது. யூனிட்டுக்கு 0.7 கிலோ என்று கணக்கிட்டால் 5,000 டன் நிலக்கரி மிச்சம். ஒருபோக நிலங்களுக்கும் ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கமும் விடும் நீர் இதற்கு மேல். அணையின் முழுக் கொள்ளளவே ஏறத்தாழ 6 டிஎம்சிதான், வண்டல் படிந்து அதுவும் குறைந்திருக்கிறது. ஆகவே பெரியாற்று நீர் வந்துகொண்டே இருந்தால்தான் இந்தக் கணக்கு நிற்கும்.

மின்சாரம் எடுத்த தண்ணீரில் சத்து போய்விடுமா?

போகாது. எடுப்பது விழும் வேகத்தையும் அழுத்தத்தையும்தான். நீரின் அளவும் உப்பும் வண்டலும் அப்படியே இருக்கும்.

பராமரிப்பை எப்போது செய்கிறார்கள்?

நீர் திறப்பு நின்ற கோடைதான் ஏற்ற காலம். டிராஃப்ட் டியூபை வடிக்க ஸ்டாப்லாக் (நீரை அடைக்கும் கதவு) இறக்க வேண்டும். அதன் ரப்பர் சீல் வெயிலில் வெடித்திருந்தால் வடிக்கவே முடியாது, ஒரு வாரம் வீணாகும். ஆகவே பிப்ரவரியிலேயே சீல், ஷியர் பின், வடிகட்டி வலை, பிரேக் லைனிங், கவர்னர் எண்ணெய் இவற்றைக் கையிருப்பில் பார்த்து, இல்லாததற்குக் கொள்முதல் கோப்பைத் தொடங்கிவிட வேண்டும். ஜூனில் மதகு திறக்கும்போது ஓர் அலகு பிரித்துப்போட்டபடி கிடந்தால், அந்த 45 நாள் நீரில் ஒரு பகுதி மதகு வழியே போய்விடும். அடுத்த ஆண்டு அதைத் திரும்பப் பெற வழியில்லை.

அணைக்குக் கீழே ஆற்றில் குளிக்கலாமா?

மின் நிலையத்தின் நீர் வெளியேறும் பகுதியில் இறங்கவே கூடாது. அலகு தொடங்கும்போதோ மதகு திறக்கும்போதோ சில நிமிடங்களில் நீர் ஏறும், அடியில் இழுப்பும் இருக்கும். சைரன் கேட்டால் துணிமணியை எடுக்க நிற்காமல் கரையேறிவிடுங்கள், ஆடுமாடுகளையும் ஓட்டிவிடுங்கள்.